அத்தியாயம் 7: பந்து ஆட்டத்துக்கு டியூப் டிவி

பழைய டிவி கேமில் ஓடிக்கொண்டே சுடும் ஆட்டம், ஓடித் தாண்டும் ஆட்டம் எல்லாம் எந்த டிவியில் போட்டாலும் ஓரளவு ஒப்பேறிவிடும். பந்து ஆட்டம் ஒப்பேறாது. டென்னிஸில் பந்து வலையைத் தாண்டி வருகையில் பொத்தானைச் சற்று முன்னால் அழுத்தினால் ஒரு பக்கம் போகும், சற்றுப் பின்னால் அழுத்தினால் இன்னொரு பக்கம் போகும். பின்பாலில் பந்து, அதைத் தட்டும் பிளிப்பரின் நுனியில் படுவதா, நடுவில் படுவதா என்பது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதனால்தான் இந்த அத்தியாயத்தைக் கேசட்டில் தொடங்காமல் டிவியில் தொடங்குகிறேன். மத்தூர், போச்சம்பள்ளி, பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம் இந்த கேம் பெட்டிகளை மறுபடி தூசி தட்டி எடுப்பவர்கள் பலரும் “சின்ன வயசுல நல்லா ஆடுவேன், இப்ப கை வரல” என்கிறார்கள். கை அப்படியேதான் இருக்கிறது. டிவிதான் மாறிவிட்டது.

டிவி

நம் ஊரில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை வினாடிக்கு 50 படம் அனுப்பும். ஒரு படத்துக்கு 20 மில்லி வினாடி. எல்.இ.டி டிவி அந்தப் படத்தை வந்தபடியே காட்டுவதில்லை. வந்த அனலாக் சிக்னலை எண்களாக மாற்றி, தன் திரை அளவுக்குப் பெரிதாக்கி, மெருகேற்றி, அதன் பிறகே காட்டுகிறது. இதற்கு 50 முதல் 100 மில்லி வினாடி வரை பிடிப்பது சாதாரணம். பந்து மட்டைக்கு அருகில் இருப்பதாக நீங்கள் திரையில் பார்க்கும் நேரத்தில், பெட்டிக்குள் அந்தப் பந்து மூன்று நான்கு படம் தாண்டிப் போயிருக்கும். மரியோ ஓடும்போது இந்தத் தாமதத்தைக் கை தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும். பந்து ஆட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

டியூப் டிவியில் இந்தத் தாமதம் கிடையாது. சிக்னல் வர வர, குழாயின் உள்ளே எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக எழுதிக்கொண்டே போகும். அந்தக் காலத்து ஜப்பானியர் இந்த ஆட்டங்களை இப்படிப்பட்ட டிவியை மனத்தில் வைத்தே அளந்து செய்தார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், டியூப் டிவிக்கு நீங்கள் வெகுதூரம் அலைய வேண்டாம். 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடு வீடாக வந்த 14 அங்குல டிவிகள் நம் கிராமங்களில் இன்னும் பரணிலும் மாட்டுக்கொட்டகை மூலையிலும் கிடக்கின்றன. பந்து ஆட்டத்துக்கு 14 அங்குலம் போதுமானது; இரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்தால் பெரிய திரையைவிட வசதியும்கூட. சொந்தக்காரர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்காரரிடம் ஒன்றை உடைக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எடுப்பதற்கு முன் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்ததால் ஏறிய காந்தம்தான்; நாலைந்து முறை, நடுவில் அரை மணி இடைவெளி விட்டு, அணைத்துப் போட்டால் பல டிவிகளில் தானே இறங்கிவிடும். படம் மேலும் கீழும் சுருங்கியிருந்தாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள். முக்கியமாக, மஞ்சள் துளையும் வெள்ளைத் துளையும் இருக்கிறதா என்று முன்னும் பின்னும் பாருங்கள். அதுதான் ஏவி. அது இல்லாமல் ஆன்டெனா துளை மட்டும் இருந்தால், பெட்டியின் ஆர்.எப் கம்பியைச் செருகிச் சேனல் தேட வேண்டிவரும். படம் வரும், ஆனால் இரைச்சலோடு வரும்.

பின்மூடியைத் திறந்து நீங்களே தூசி தட்டாதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். கிரானைட் பட்டறைகள் இருக்கும் பக்கத்து வீடுகளில் டிவிக்குள் தூசி ஒரு படலமாகவே படிந்திருக்கும். அதை டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள். டியூப் டிவி தொட்டுப் பழகிய மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

மெக்கானிக் கடைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது:

“அண்ணா, சவுண்டு வருது, படம் கருப்பு வெள்ளையா ஓடுது.”

“கேம் எங்க வாங்குன?”

“எஸ்.பி. ரோட்டுல, பெங்களூர்ல.”

“வெளிநாட்டுப் பெட்டியா இருக்கும்பா. டிவில கலர் சிஸ்டத்த ஆட்டோல போடு. அப்பவும் வரலன்னா இந்த டிவி அத எடுக்காது.”

அவர் சொல்வது சரி. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் செய்த பெட்டிகள் என்.டி.எஸ்.சி முறையில் வண்ணம் அனுப்பும். நம் டிவிகள் ‘பால்’ முறையில் பழகியவை. பல டியூப் டிவிகளின் மெனுவில் ‘கலர் சிஸ்டம்’ என்று ஒன்று இருக்கும். அதை ஆட்டோவில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வீட்டில் எல்.இ.டி மட்டும்தான் இருக்கிறது என்றால், அமைப்பில் ‘கேம் மோட்’ இருக்கிறதா என்று தேடுங்கள். தாமதம் குறையும், முழுக்கப் போகாது. எவ்வளவு தாமதம் என்று அளக்க வேண்டுமா? கைப்பேசியின் ஸ்லோ மோஷனில் கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டத்துக்குள் தெரிகிற மாதிரி படமெடுங்கள். பொத்தான் அமுங்குவதற்கும் பிளிப்பர் எழுவதற்கும் நடுவில் எத்தனை படம் போகிறது என்று எண்ணுங்கள். இரண்டு டிவிகளையும் இப்படி ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் இந்த அத்தியாயத்தின் முதல் பத்தியை நான் நிரூபிக்க வேண்டிய வேலை இருக்காது.

பெட்டி

இந்தப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் மூலம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம். விலை 14,800 யென். வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் மசாயுகி உயெமுரா. ரிக்கோ நிறுவனம் செய்த செயலி, வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், வேலைக்கு 2 கிலோபைட் நினைவகம். இன்று கைப்பேசியில் வரும் ஒரு குறுஞ்செய்திப் படம்கூட அந்த நினைவகத்தில் அடங்காது. அதற்குள்தான் பந்தின் வேகம், உயரம், சுழற்சி, எதிராளியின் புத்தி எல்லாம் ஓடின.

இந்தியாவில் இது சாமுராய் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் நம் பக்கத்து வீடுகளுக்குள் நுழைந்தவை பெரும்பாலும் நகல் பெட்டிகளே: மீடியாவின் லிட்டில் மாஸ்டர், பிறகு டெர்மினேட்டர், அதற்கும் பிறகு பெயரே இல்லாதவை. யாரும் ஃபேமிகாம் என்று கேட்டு வாங்கவில்லை. டிவி கேம், வீடியோ கேம் என்றுதான் கேட்டார்கள்.

நகல் பெட்டி ஒன்றைத் திருகு கழற்றிப் பாருங்கள். இது டிவி இல்லை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து இல்லை. பெரிய பெட்டிக்குள் உள்ளங்கை அளவு பச்சைப் பலகை ஒன்று. அதன் நடுவில் கருப்பாக உறைந்த ஒரு பசைப் பொட்டு. அந்தப் பொட்டுக்கு அடியில் செயலியும் படம் வரையும் சிப்பும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஓரத்தில் மூன்று கால் வைத்த ரெகுலேட்டர் ஒன்று அலுமினியத் தகட்டில் திருகப்பட்டிருக்கும். அடாப்டர் கொடுக்கும் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்குவது அதன் வேலை. மிச்சம் சூடாக வெளியேறும். ஒரு மணி நேரம் ஆடிய பின் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் ரவுட்டர் அடாப்டரைச் செருகினால் அந்த மூன்று கால் சிப் அளவுக்கு மீறிச் சூடாகும். ரவுட்டர் அடாப்டர்களில் 9 வோல்ட் வகையும் உண்டு, ஆனால் பின்னின் நடுவில் நேர்முனையா எதிர்முனையா என்று பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் படத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே செருகுங்கள். மூல ஃபேமிகாமுக்கு நடுவில் எதிர்முனை. நகல்களில் இரண்டு வகையும் உண்டு. மல்டிமீட்டர் இருந்தால் அரை நிமிட வேலை.

ஜப்பானிலிருந்து யாராவது உண்மையான ஃபேமிகாம் கொண்டுவந்து கொடுத்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் உடனே செருகிவிடாதீர்கள். அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230இல் ஒரு நொடியில் போய்விடும். முதலில் வந்த வகையில் ஏவி துளையும் கிடையாது, ஆர்.எப் மட்டும்தான், அது அனுப்பும் ஜப்பானியச் சேனல் நம் டிவியில் எளிதில் சிக்காது. ஏவியாக மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவரிடம் முதலில் காட்ட வேண்டும்.

50 படம், 60 படம் என்ற வித்தியாசம் பந்து ஆட்டத்தில் நேராகத் தெரியும். ஜப்பானிய ஆட்டங்கள் வினாடிக்கு 60 படம் என்று கணக்குப் போட்டவை. நம் ‘பால்’ பெட்டியில் அதே ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடுகிறது. நாம் பழகிய பந்து, ஜப்பானியப் பிள்ளைகள் பழகிய பந்தைவிட மெதுவான பந்து. இப்போது ஆன்லைனில் வாங்கும் எச்.டி.எம்.ஐ கேம் ஸ்டிக்கில் 60இல் ஆடினால் டென்னிஸ் சட்டென்று கடினமாகத் தோன்றுவது இதனால்தான். இரண்டில் எதில் ஆட வேண்டும் என்று கேட்டால், நீங்கள் சிறுவயதில் ஆடியவர் என்றால் 50, பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்றால் 60 என்பேன். இரண்டையும் மாற்றி மாற்றி ஆடினால் கை எதிலும் நிலைக்காது.

கேசட்

கேசட்டை எடுத்ததும் வாயால் ஊதும் பழக்கத்தை விடுங்கள். எச்சிலின் ஈரம் செம்புக் கோடுகளில் படிந்து பச்சை பிடிக்கும். ஊதிய பிறகு வேலை செய்வது போலத் தெரிவது, கழற்றி மறுபடி செருகியதால்தான். ஐசோபுரொபைல் ஆல்கஹால் மருந்துக் கடையில் கிடைக்கும். காதுக் குச்சியில் நனைத்து, கோடுகளின் திசையிலேயே துடையுங்கள்; குறுக்கே தேய்க்க வேண்டாம். குச்சி கருப்பாக வருவது நின்ற பின் பத்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். பிடிவாதமான கறைக்குப் பென்சில் ரப்பரால் மென்மையாக இரண்டு இழுப்பு போதும்.

நம் கேசட்டுகளில் 60 முனை இருக்கும், அமெரிக்கக் கேசட்டுகளில் 72. வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய சாம்பல் நிறக் கேசட் நம் பெட்டியில் நுழையாதது இதனால்தான்; அழுத்திப் பார்க்காதீர்கள்.

ஒரு கேசட்டில் 64 ஆட்டம், 9,999 ஆட்டம் என்று அட்டையில் போட்டிருக்கும். மெனுவில் இறங்கிப் பார்த்தால் பத்திருபது ஆட்டங்களே வேறு வேறு பெயரில், வேறு வேறு நிலையில் தொடங்குமாறு சுற்றிச் சுற்றி வரும். ஆனால் அந்தப் பத்திருபதில் பந்து ஆட்டங்கள் நிறைய இருக்கும். காரணம் எளியது. 1983இலும் 1984இலும் வந்த நிண்டெண்டோவின் பந்து ஆட்டங்கள் ஒவ்வொன்றும் 24 கிலோபைட் அளவுதான்; கூடுதல் சிப் எதுவும் வேண்டாம். நகல் போடுபவர்களுக்கு ஒரே சிப்பில் வரிசையாக அடுக்க இவைதான் வசதி. இவை அனுமதி இல்லாமல் போட்ட நகல்கள், பல கேசட்டுகளில் செய்தவர்களின் பெயரையே அழித்திருப்பார்கள். வீட்டில் இருக்கும் பழைய கேசட்டைப் பழுது பார்த்து ஆடுங்கள். அதைப் படியெடுத்து விற்கும் வேலைக்கு இந்தப் புத்தகம் துணை வராது. அழிக்கப்பட்ட பெயர்கள் மறந்துபோகக் கூடாது என்பதற்காகவே செய்தவர்களின் பெயரை நான் கீழே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் பழைய சாமான் விரிப்பவர்களிடம் கேசட் கண்ணில் பட்டால் முதலில் மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது. ‘சுப்’ என்ற பெயரில் வரும் 400 இன் 1 கைப்பெட்டியும் இதே ஃபேமிகாம் குடும்பம்தான். டிவியோடு இணைக்கும் கம்பியும் அதோடு வரும். பிள்ளைகளுக்குத் தொடங்க அது போதும், ஆனால் அதன் பொத்தான் மெத்தென்று இருப்பதால் கோல்பில் தகராறு செய்யும்.

ஜாய்ஸ்டிக் பொத்தான் அமுங்கியும் வேலை செய்யவில்லை என்றால் திருகுகளைக் கழற்றி ரப்பர் மெத்தையின் அடியைப் பாருங்கள். கருப்பாக ஒரு வட்டம் இருக்கும். அதையும் பலகையில் அது படும் இடத்தையும் ஆல்கஹாலில் துடையுங்கள். பொத்தான் நன்றாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் கம்பி பிளக்குக்குப் பக்கத்தில் உள்ளே அறுந்திருக்கும். பெரும்பாலும் அங்கேதான் அறும்.

எதை முதலில் ஆடுவது

லூனார் பால். இதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் கையில் கொடுப்பேன். கம்பைல் நிறுவனம் செய்து 1985 டிசம்பரில் வந்த பில்லியர்ட்ஸ் ஆட்டம். 60 மேசைகள், ஒவ்வொன்றும் வேறு வடிவம். பந்தைக் குறி பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் சக்திக் கோட்டைச் சரியான இடத்தில் நிறுத்தி அடிக்க வேண்டும். அவசரம் கிடையாது, தாமதமான டிவியிலும் ஓரளவு ஆடலாம். தொடர்ந்து மூன்று அடி எதுவும் குழிக்குள் போகாவிட்டால் ஒரு உயிர் போகும், வெள்ளைப் பந்து குழிக்குள் விழுந்தாலும் போகும்.

இந்தப் பட்டியலில் மற்ற எந்த ஆட்டத்திலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. தொடக்கத் திரையில் உராய்வு என்று ஓர் எண், 0 முதல் 255 வரை. எண்ணைக் குறைத்தால் பந்து நெடுநேரம் உருண்டுகொண்டே இருக்கும், கூட்டினால் சீக்கிரம் நிற்கும். கேரம் பலகையில் பவுடர் போட்ட பக்கமும் போடாத பக்கமும் போல இருக்கும். ஒரே மேசையை மூன்று வெவ்வேறு எண்ணில் ஆடிப் பாருங்கள். மூன்று வெவ்வேறு ஆட்டம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இயற்பியல் பாடத்தில் உராய்வு வரும்போது இதைப் போட்டுக் காட்டுங்கள். எண்ணை மாற்றிய உடனே பந்து மாறுவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது.

டென்னிஸ், 1984 ஜனவரி. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மரியோதான். ஏ பொத்தான் சாதாரண அடி, பி பொத்தான் பந்தை உயரத் தூக்கும் அடி. ஐந்து நிலைகள். இரண்டு பேர் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆட முடியாது. இருவரும் ஒரே பக்கம் நின்று பெட்டியை எதிர்க்க வேண்டும். இது குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். அண்ணனும் தங்கையும் சண்டை போடாமல் ஆட இந்தப் பட்டியலில் வேறு ஆட்டம் இல்லை. எதிராளி வலைக்கு அருகில் வந்துவிட்டால் பி, இல்லையென்றால் ஏ என்று பழகுங்கள். மூன்றாம் நிலையிலிருந்து பந்து வரும் வேகத்துக்குத் திரையின் நடுப்பகுதியில் காத்திருப்பதே நல்லது. ஓரத்துக்குப் போனால் திரும்பி வர நேரம் போதாது.

பின்பால், 1984 பிப்ரவரி. திசைக்கான பிளஸ் பொத்தான் இடது பிளிப்பர், ஏ பொத்தான் வலது பிளிப்பர். தொடங்கும்போது ஏ பொத்தானை அழுத்திப் பிடித்து விட்டால் பந்து பாயும். மேசை ஒரு திரையில் அடங்காது; மேல் பாதி ஒரு திரை, கீழ்ப் பாதி ஒரு திரை. பந்து கோட்டைத் தாண்டும் கணத்தில் திரை மாறும். புதிதாக ஆடுபவர்கள் பந்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான், அந்த மாற்றத்தில் கண் தடுமாறும். மேல் திரையில் இருக்கும்போதே பந்து எந்தப் பக்கமாக இறங்கப் போகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிளிப்பரையும் ஒன்றாக அடிக்காதீர்கள். நடுவில் திறக்கும் வாயில் பந்து நேராகப் போய்விடும். பந்து பிளிப்பர் மேல் மெதுவாக உருண்டு வந்தால் பிளிப்பரைத் தூக்கிப் பிடித்தே நிற்கவைத்து, பிறகு விட்டு, நுனிக்கு வரும்போது அடியுங்கள். கீழ்த் திரையிலிருந்து போனஸ் அறைக்குப் போனால் மரியோ ஒரு பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடுவார், மேலே பெண் ஒருத்தி சிறைப்பட்டிருப்பாள். அவள் விழும்போது அவளையும் பலகையில் தாங்க வேண்டும்.

கோல்ப், 1984 மே. நம் பக்கம் யாரும் கோல்ப் மைதானத்தில் கால் வைத்ததில்லை, அதனால் இதைத் திறக்காமலே கடந்துபோகிறார்கள். பெரிய இழப்பு. இதன் நிரலை எழுதியவர் அப்போது எச்.ஏ.எல் நிறுவனத்தில் இருந்த சடோரு இவாடா, பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவரானவர். 18 குழிகளை இந்தச் சின்னச் சிப்பில் அடக்கினார். அவர் 2015 ஜூலை 11 அன்று மறைந்தார். 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டிக்குள் இந்த கோல்பை மறைத்து வைத்திருந்தார்கள். ஜூலை 11ஆம் தேதி, அவர் பேசும்போது செய்த கையசைவைச் செய்தால் அது திறந்தது.

ஆடும் முறை இதுதான். ஏ பொத்தானை முதலில் அழுத்தினால் மட்டை பின்னால் போகும், கோடு நகரத் தொடங்கும். இரண்டாவது அழுத்தலில் சக்தி நிற்கும். கோடு திரும்பி வரும். நடுக்குறியில் மூன்றாவது அழுத்தல். முந்தினாலோ பிந்தினாலோ பந்து ஒரு பக்கம் வளையும். இந்த மூன்று அழுத்தல்தான் பிறகு வந்த எத்தனையோ கோல்ப் ஆட்டங்களுக்கு அடிப்படை ஆனது. பழகும்போது குழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முதல் குழியிலேயே நின்று, மூன்றாவது அழுத்தலை மட்டும் கண்ணை மூடித் தாளத்தில் அடித்துப் பழகுங்கள்; பந்து நேராகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது அழுத்தலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். காற்றின் திசையை அம்பு காட்டும். அதைப் பார்க்காமல் அடிப்பவர்கள்தான் பந்தைத் தண்ணீரில் போடுகிறார்கள்.

பேஸ்பால், 1983 டிசம்பர். நம் பிள்ளைகள் கிரிக்கெட் என்று நினைத்து ஆடுவார்கள், ஆடட்டும். பந்து எறியும்போது பிளஸ் பொத்தானின் கீழ்ப் பக்கம் வேகப் பந்து, மேல் பக்கம் மெதுவான பந்து, இடமும் வலமும் வளைவு. தரைக்காவலர்கள் தாமே நடப்பார்கள், மெதுவாகவே நடப்பார்கள். அதில் நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சாக்கர் 1985 ஏப்ரலில் வந்தது. ஒரு பக்கத்துக்குக் கோல்காவலரோடு ஆறு பேர். ஏ பொத்தான் கோலை நோக்கி அடிக்கும், பி பொத்தான் பாஸ். இருவர் எதிரெதிராக ஆட இந்தத் தொகுப்பில் இதுதான் சிறந்தது. சிப்காட் ஷிப்ட் முடித்து ஒரே அறையில் தங்கியிருக்கும் நாலைந்து பேருக்குச் சொல்கிறேன்: நேரத்தைக் குறைவாக வைத்து, தோற்றவர் எழுந்து இடம் கொடுக்கும் முறையில் ஆடுங்கள். வாலிபால் ஆட்டத்தை, ஊரில் நிஜமாகவே கைப்பந்து ஆடுபவர்கள் ஆசையோடு திறப்பார்கள். பந்தின் நிழலைப் பார்த்து ஆட வேண்டிய கடினமான ஆட்டம் அது, பொறுமை இருந்தால் மட்டும்.

ஆர்க்கனாய்டு 1986இல் டைட்டோ செய்தது. ஜப்பானில் ஃபேமிகாம் கேசட்டோடு ஒரு திருகு குமிழ் வைத்த தனிக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கொடுத்தார்கள். நம் பெட்டிகளில் அது இல்லை, பிளஸ் பொத்தானில்தான் ஆட வேண்டும். அதனால் பந்துக்குப் பின்னால் ஓடாதீர்கள், அது விழப்போகும் இடத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். செங்கல் சுவரின் ஓரத்தில் ஒரு சந்து திறந்து பந்தை மேலே அனுப்பினால் அது தானே அங்கே துள்ளித் துள்ளி உடைத்துக்கொண்டிருக்கும். விழும் மாத்திரைகளில் வெளிர் நீலத்தில் வரும் ‘டி’ பந்தை மூன்றாக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பந்து ஓடும்வரை வேறு மாத்திரை விழாது, ஆகவே ஒரு பந்தை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நிம்மதியாக ஆடலாம்.

கடைசியாக டாட்ஜ் பால். டெக்னோஸ் நிறுவனம் செய்தது, ஃபேமிகாமில் 1988 ஜூலை. எதிரணி எறியும் பந்தில் அடிபடாமல் தப்புவது, அல்லது பிடித்துத் திருப்பி எறிவது. பள்ளி மைதானத்தில் ஆடியவர்களுக்கு விதியைச் சொல்லித்தர வேண்டாம். அமெரிக்காவில் சூப்பர் டாட்ஜ் பால் என்று வந்த பதிப்பில் இந்திய அணியும் உண்டு. ஓடிவந்து எறியும் பந்தும், ஓடித் துள்ளி உச்சியில் எறியும் பந்தும் தனிச் சக்தி பெறும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அந்தப் பந்தின் போக்கு வேறு. இது 24 கிலோபைட் ஆட்டம் இல்லை, பத்து மடங்கு பெரியது. தனிச் சிப்பும் வேண்டும். அதனால் மலிவான 64 இன் 1 கேசட்டில் கிடைக்காது. தனிக் கேசட்டாகத் தேட வேண்டும்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஆட்டக்காரர்கள் ஒரே வரிசையில் சேரும்போது உருவங்கள் மின்னி மின்னி மறையும். கடைக்காரரிடம் “கேசட் பழுது” என்று சொல்லி விலை குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு, பழுது இல்லை. இந்தப் பெட்டி ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் வரையாது. ஒன்பதாவது வந்தால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் மாற்றி மாற்றி விட்டுக் காட்டுவதால் மின்னுகிறது. டியூப் டிவியில் அந்த மின்னல் அவ்வளவாக உறுத்தாது, எல்.இ.டியில் கண்ணைக் குத்தும். பழுது என்றால் வேறு மாதிரி இருக்கும்: எழுத்துகள் குப்பையாகும், தரை நிறம் மாறும், அல்லது ஆட்டம் அப்படியே உறையும். அதைப் பார்க்க இருபது நிமிடம் ஓடவிட வேண்டும், சூடேறிய பிறகுதான் சில சிப் தகராறு செய்யும். இருபது நிமிடம் ஓடவிட விடாதவரிடம் வாங்காதீர்கள்.